ஒரு டம்ளர் பிராந்தி

வாக்குமூலத்துக்கு முன் யோசித்துக்கொள்ள நீங்கள் கொடுத்த ஒரு நாளில் நன்றாகத் தூங்கினேன், மாஜிஸ்திரேட் ஐயா. வாய் திறக்க எனக்குக் கட்டாயமில்லை, சொன்னால் எனக்கே பாதகமாகும் என்று இப்போதும் எச்சரிக்கிறீர்கள். நல்ல சட்டம்தான். வாயை மூடிக்கொண்டிருப்பதன் அருமை எனக்குத் தெரியும்.

கீழப்பழுவூர் பக்கத்தில் ஒரு சின்னச் சபைக்குப் பதினோரு வருஷமாக நான் உபதேசியார். சர்க்கார் சாராயக்கடையை மறுபடி திறந்த பிறகு, ஒரு சொட்டும் கூடாது என்று ஞாயிறுதோறும் தொண்டை வறளப் பிரசங்கம் செய்தேன். குடித்துவிட்டுச் சாக்கடையில் கிடப்பவன்மேல் எனக்குக் கோபமில்லை. தான் பாவி என்று அவனுக்குத் தெரியும். என் தங்கை மலர்கொடியின் புருஷன் சின்னதுரையைத்தான் சகிக்க முடியவில்லை. ஆராதனை முடிந்து வீட்டுக்குப் போனதும் ஒரே ஒரு டம்ளர் பிராந்தி. குடிக்குமுன் ஜெபம் வேறு. "வெறிக்கிறதுதான் பாவம் மச்சான். கானாவூர் கல்யாணத்துல ஆண்டவரு தண்ணியத் திராட்சரசமா மாத்தித்தான குடுத்தாரு?" என்பான். சபையும் அவன் பக்கம் சாய்ந்தது. "அவரு அளவாத்தான குடிக்கிறாரு, என்னா கெட்டுப்போயிட்டாரு?" என்று என் முகத்துக்கு நேரே கேட்டார்கள். கெட்டுப்போகாததுதான் அவன் செய்த குற்றம்.

அந்த மாதம் கோயில் பெஞ்சுகளுக்குப் பாலிஷ் போட்டார்கள். பாலிஷில் கலக்க வாங்கி மீந்த ஸ்பிரிட் என் பொறுப்பில் இருந்தது.

ஞாயிறு மதியம் தங்கை வீட்டில் எனக்குச் சாப்பாடு. டம்ளரை வாயருகே கொண்டுபோன சின்னதுரை நிறுத்தினான். "வாடை ஒரு மாதிரியா இருக்கு மச்சான். குடிக்கலாமா, வேணாமா? நீங்க சொன்னா கேட்டுக்கறேன்." அத்தனை வருஷத்தில் அன்றுதான் முதல்முறையாக என்னைக் கேட்டான். குடிக்காதே என்று ஞாயிறுதோறும் கத்தியவன், அன்று மட்டும் சொல்லவில்லை. சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

மறுநாள் ஆஸ்பத்திரியில், கண் தெரியவில்லை என்று அவன் அழுதான். "பிராந்தியில எதாச்சும் கலந்திருந்துச்சா? தெரிஞ்சா வைத்தியம் பாக்கலாம்" என்று டாக்டர் பொதுவாகக் கேட்டார். "தெரிஞ்சா சொல்லுண்ணே" என்று மலர்கொடி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அங்கேயும் எனக்குக் கட்டாயமில்லை. சாயங்காலம் அவன் போய்விட்டான்.

அடக்கத்தில் நான்தான் பிரசங்கம் செய்தேன். அடுத்த ஞாயிறு இருபத்திரண்டு பேர் இனிமேல் குடிப்பதில்லை என்று கையெழுத்துப் போட்டார்கள்.

ஸ்பிரிட் குறைகிறது என்று பாலிஷ்காரர் நல்லுசாமி சொன்னதும், "நீங்க கலந்தீங்களா?" என்று இன்ஸ்பெக்டர் கேட்டார். ஆமாம் என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை. அதுவரை யாரும் அப்படி என்னைக் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. சனிக்கிழமை அவனுடைய பிராந்திப் பாட்டிலில் ஸ்பிரிட்டை ஊற்றியவன் நான். ஆனால் அவன் சாக வேண்டும் என்று நினைக்கவில்லை. கண் போனால் போதும், கையைப் பிடித்துக் கூட்டிவந்து சபை முன்னால் நிறுத்தலாம் என்றிருந்தேன். அளவோடுதான் ஊற்றினேன்.