நின்ற நேரம் நீங்கலாக

வாட்ச் ஸ்ட்ராப்பில் கூடுதலாக ஓட்டை போட்டுத் தருவதற்கு என் கடையில் காசு வாங்குவதில்லை. ஸ்ட்ராப்பைக் கட்டையின் மேல் வைத்து, உளி மாதிரி ஒன்று இருக்கிறது, அதை வைத்து ஒரே தட்டு. பொன்னுத்துரையின் வாட்ச் போன மாதம் என் கடைக்கு வந்ததும் அதற்காகத்தான். எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள், சார். அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

என் பெயர் சவரிமுத்து. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் விளையாட்டுச் சாமான் கடை வைத்திருக்கிறேன். கேரம் போர்டு, ஷட்டில் மட்டை, பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குக் கப், ஷீல்டு. உங்கள் ஸ்டேஷன் கபடி டீமுக்கு முழங்கால் பட்டை கொடுத்ததும் நான்தான். விசாரித்துப் பாருங்கள், தரத்தில் குறை சொல்ல மாட்டார்கள்.

அந்த வாட்சைப் பொன்னுத்துரைக்கு விற்றதும் நான்தான். வாட்ச் என்பது பேச்சுக்கு. தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிது, மணிக்கட்டில் கட்டிக்கொண்டு காடு மேடு சுற்றுகிறவர்களுக்கான ஜிபிஎஸ். போக வேண்டிய இடத்தைப் புள்ளியாக வைத்துவிட்டால், ஓர் அம்புக்குறி அந்தப் பக்கம் திரும்பி நிற்கும். எத்தனை மீட்டர் என்றும் காட்டும். ஆனால் அது காட்டுவது திசையை. வழியை அல்ல. நடுவில் ஓடை கிடக்கிறதா, பள்ளம் கிடக்கிறதா என்று அதற்குத் தெரியாது. சுற்றிக்கொண்டு போக வேண்டிய இடமென்றால், வளைவு நெடுக நாம்தான் புள்ளி வைத்துக்கொண்டே போக வேண்டும். விற்கும்போதே இதை அவரிடம் சொன்னேன். "எனக்கே பாடமா சவரி?" என்று சிரித்தார்.

அரசாங்க வேலையில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிற்றுக்கிழமை நடைக்குழு ஒன்றை நடத்தினார். பத்திருபது பேர் விடிகாலையில் வேனில் கிளம்பி, ஏதாவது ஒரு கரட்டுக் குன்றைச் சுற்றி நடந்து, அங்கிருக்கும் கோயிலில் உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவார்கள். என் மனைவி ஜெயமேரிக்குச் சர்க்கரை. நடக்கச் சொன்னார் டாக்டர். எனக்கு ஞாயிற்றுக்கிழமையில்தான் சரக்கு வரும், கடையை விட்டு நகர முடியாது. அதனால் அவளை மட்டும் குழுவில் சேர்த்துவிட்டேன்.

போன வருஷம் மே மாதம், ஒட்டன்சத்திரம் ரோட்டுப் பக்கம் ஒரு கரட்டுக்குப் போனார்கள். அவளால் மற்றவர்களோடு நடக்க முடியவில்லை. அவளுக்கு முன்னால் நடந்துகொண்டிருந்த பேச்சாயி அக்காதான் பிறகு எனக்கு இதைச் சொன்னது. "அண்ணே, செத்த நேரம் உக்காந்துட்டுப் போவமா?" என்று ஜெயமேரி கேட்டிருக்கிறாள். பொன்னுத்துரை மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்.

"உக்காந்தா ஆவரேஜ் போயிரும்மா. இன்னும் எண்ணூறு மீட்டர்தான். இப்படியே நேரா வா, கோயில் வந்துரும்."

சொல்லிவிட்டு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அந்த எண்ணூறு மீட்டர், காக்கா நேராகப் பறந்தால் ஆகிற தூரம். நடுவில் ஆள் இறங்க முடியாத ஓடை. கூட்டம் அதைச் சுற்றிக்கொண்டு போனதை, பின்தங்கிய ஜெயமேரி பார்க்கவில்லை. நேராக வந்து ஓடைக்கரையில் நின்றவள், கடக்க இடம் தேடி, அந்த வெயிலில் கரையோரமாகவே நடந்திருக்கிறாள். அங்கே கோயிலில் எல்லோரும் சாப்பிட்டு முடித்த பிறகு ஒரு பொங்கல் பொட்டலம் மிஞ்சியிருக்கிறது. அதைப் பார்த்துத்தான் ஆள் குறைவது தெரிந்திருக்கிறது. ஒரு வேலமரத்தடியில், செருப்பைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுச் சாய்ந்து கிடந்தாளாம்.

அன்று சாயங்காலம் பொன்னுத்துரை குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படம் போட்டார். வழக்கமாகப் போடுவதுதான். அன்றைக்கு நடந்த தடம் சிவப்புக் கோடாக, பக்கத்தில் மொத்தத் தூரம், சராசரி வேகம். கீழே, 'நின்ற நேரம் நீங்கலாக' என்று எழுதியிருந்தார். அந்த நின்ற நேரம் எது தெரியுமா, சார்? என் மனைவியைத் துண்டு விரித்துக் கிடத்திவிட்டு ஆம்புலன்ஸுக்குக் காத்திருந்த நேரம். அதைக் கழித்துவிட்டால் வேகம் நன்றாகத்தான் இருந்தது. அதற்கு அடுத்துத்தான் அஞ்சலிச் செய்தியும், கும்பிடுகிற கை ஆறேழும் வந்தன.

அடக்கத்துக்கு வந்தார். பெட்டிக்குப் பக்கத்தில் நின்று, சட்டைக் கையை மேலே தள்ளி, வாட்சை என் முகத்துக்கு நேரே காட்டினார். "இதுல எண்ணூறுதான் காட்டுச்சு சவரி. நான் என்ன செய்ய?" என்றார். மன்னித்துக்கொள் என்ற ஒரு வார்த்தை வரவில்லை. எனக்குக் கோபம் வந்தது. இதை எழுதும்போதும் அது அப்படியே இருக்கிறது, அடுப்பை அணைத்த பிறகும் கல் சுடுகிற மாதிரி. சர்ச்சுக்குப் போய்ச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய் என்று என் தங்கை சொல்லிப் பார்த்தாள். அதற்கு மனஸ்தாபம் வேண்டும், பாவத்துக்காக மனம் வருந்த வேண்டும். எனக்குக் கோபம் மட்டும்தான் இருந்தது, அதனால் போகவில்லை.

அதற்குப் பதிலாக நடைக்குழுவில் சேர்ந்தேன். ஞாயிற்றுக்கிழமைக் கடையைத் தங்கை மகனிடம் விட்டேன். சவரிக்கு எம்புட்டுப் பெரிய மனசு என்று எல்லோரும் சொன்னார்கள். பொன்னுத்துரையின் பக்கத்திலேயே நடந்தேன். அவருக்குப் புரியாத பட்டன்களையெல்லாம் நான் விளக்கினேன். போகப் போக, புதிய பாதையை வாட்சில் ஏற்றுவது, பழையதை அழிப்பது எல்லாம் என் வேலை என்று ஆகிவிட்டது.

மார்கழியில் சிறுமலை அடிவாரத்துக்குப் போவதாகத் திட்டம். அங்கே ஒரு கல்குவாரி, தோண்டின மட்டும் தோண்டிவிட்டுப் போய்விட்டார்கள். சுற்றிலும் வேலி இல்லை. பொன்னுத்துரை ஒருநாள் பகலில் தனியாகப் போய், பள்ளத்தைச் சுற்றி வளைவாக நடந்து, ஒழுங்காகப் புள்ளி வைத்துவிட்டு வந்திருந்தார். ஸ்ட்ராப் வேலைக்கு வாட்ச் வந்தபோது, அந்தப் பாதையை ஒருதரம் சரிபார்த்துத் தரும்படியும் சொல்லியிருந்தார். பார்த்தேன். வளைவில் இருந்த புள்ளிகளை ஒவ்வொன்றாக அழித்தேன். தொடக்கத்தையும் முடிவையும் தொடவில்லை. ஆகவே வாட்ச் பொய் சொல்லவில்லை, நானும் அதில் ஒரு பொய்யும் எழுதவில்லை. போய்ச் சேர வேண்டிய இடம் சரியான இடம்தான்.

ஞாயிறு காலை பனி மூடிக் கிடந்தது. முன்னால் போகிறவரின் முதுகு மட்டும் தெரியும். வாட்ச் கட்டியவர் முன்னால், அம்புக்குறியைப் பார்த்துக்கொண்டே. நான் மூன்றாவதாக நடந்தேன். கல் சரிகிற சத்தம் கேட்டதும், "நில்லுங்க, யாரும் நகராதீங்க" என்று கத்தியது நான்தான். இரண்டாவதாகப் போன பேச்சாயி அக்காவின் கையைப் பிடித்து இழுத்ததும் நான்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்காரும் முன் எனக்கு டீ வாங்கிக் கொடுத்து, மெதுவாகக் கேட்டீர்கள். "அப்பனுக்கு வச்ச குறி. அவரு மூட்டுவலின்னு வீட்ல படுத்துக்கிட்டாரு, வாட்சைக் கட்டிக்கிட்டு அவரு மக, அந்தப் புள்ள தமிழ்மதி முன்னால போயிருச்சு. உனக்கே அது தெரியாது. அப்படித்தானய்யா?"

நீங்கள் நல்லவர், சார். அப்படி எழுதினால் படிக்கிறவர்களுக்கு என் மேல் இரக்கம் வரும். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்தப் பள்ளத்தைச் சுற்றிப் புள்ளி வைத்தவரே பொன்னுத்துரைதான். கண்ணைக் கட்டி விட்டாலும் அவர் அதில் விழ மாட்டார். விழுந்திருந்தாலும் ஒரு நொடியில் முடிந்திருக்கும். எண்ணூறு மீட்டர் என்றால் என்ன என்று அவருக்குக் கடைசி வரைக்கும் தெரியாமலே போயிருக்கும்.

தமிழ்மதி தன் போனோடு வாட்சை இணைத்திருந்ததால், வீட்டில் இருந்தபடியே மகள் நடப்பதை அவர் தன் போனில் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் கயிறு தேடி ஓடிக்கொண்டிருந்தபோது எனக்கு அவரிடமிருந்து போன் வந்தது.

"என்ன சவரி, பாப்பா புள்ளி அங்கனயே நிக்கிது? சாப்பிட உக்காந்துட்டீகளா?"

"இன்னும் எண்ணூறு மீட்டர்தான்ணே," என்றேன். அவர் சரி என்று வைத்துவிட்டார். அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தார் என்று நீங்கள்தான் அவரிடம் கேட்க வேண்டும்.

ஸ்ட்ராப் விஷயத்துக்கு வருகிறேன். பொன்னுத்துரையின் கை இளைக்கவில்லை. அந்த வாட்சோடு அன்று கடைக்கு வந்தது தமிழ்மதிதான். கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறவள், லீவுக்கு வந்திருந்தாள். "அப்பாவுக்கு முட்டி முடியல அங்கிள், இந்த வாரம் நான்தான் லீடர். ஆனா இது எனக்கு வளையல் மாதிரி தொங்குது," என்று கையை நீட்டினாள். ஸ்ட்ராப்பைச் சுற்றி அளவு பார்த்தேன். ஒல்லியான மணிக்கட்டு. அப்போது அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "ஆன்ட்டி விஷயத்துல அப்பா உங்ககிட்ட மன்னிப்புக் கேட்டிருக்கணும். அவருக்கு வாய் வராது. அவருக்காக நான் கேட்டுக்கிறேன்."

அந்த வீட்டில் அதைக் கேட்டவள் அவள் ஒருத்திதான். எவ்வளவு நல்ல பிள்ளை என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. இவள் போனால் அவருக்கு எப்படி இருக்கும் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. பரவாயில்லைம்மா, வாட்சை வைத்துவிட்டுப் போ, சாயங்காலம் வாங்கிக்கொள் என்றேன். இரண்டு ஓட்டை போட்டேன். அதன் பிறகு புள்ளிகளை அழித்தேன். சாயங்காலம் வந்தபோது நானே அவள் கையில் கட்டி, இறுக்கமாக இருக்கிறதா என்று கேட்டேன். சரியா இருக்கு அங்கிள் என்றாள். காசு வாங்கவில்லை.

இவ்வளவுதான். என்னைப் பற்றி ஊரில் யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள். ஓர் எறும்பை மிதிக்கிறவன் இல்லை நான். வாட்ச் என் கடையில் கிடந்த அந்த ஒரு பகல், பனியில் வாய் திறக்காமல் நடந்த அந்தக் கொஞ்ச நேரம், இந்த இரண்டையும் கழித்துவிட்டுப் பாருங்கள், சார். நான் யாருக்கும் ஒரு தீங்கும் செய்ததில்லை.