கம்பியைக் காலியாக விடாத ஸ்ட்ராஹில்

மேடையை நிறைத்திருக்கும் நிறுவனர் கிராஸிமிர் அவர்களே! முன்வரிசையில் கலங்காமல் அமர்ந்திருக்கும் குடும்பத்தாரே! நான் பேசி முடிப்பதற்குள் நினைவு நாளுக்கென்று வேகவைத்த கோதுமையைத் தின்று தீர்த்துவிடத் துடிக்கும் பின்வரிசை அன்பர்களே! அனைவருக்கும் வணக்கம்.

நாற்பதாம் நாளும் வந்துவிட்டது. நம் தலைமைப் பொறியாளர், வலைப்பின்னல் வேந்தர் ஸ்ட்ராஹில் கர்கோவ் நம்மிடையே இல்லை. சாதாரண மனிதரா அவர்? இங்கே பிளோவ்டிவில் அவர் மேசையைத் தட்டினால் அங்கே சோஃபியாவில் யாருடைய காபியோ சிந்தும்!

நம் தொழில் என்ன? ரவுட்டர் தாங்குமா என்று பார்க்க அதன்மேல் பாக்கெட்டுகளை, அதாவது தரவுத் துண்டுகளை, மழையாகக் கொட்டுவது. கொட்டினோமா? தூறினோம்! எங்கள் சோதனைக் கருவியை வாங்க வருகிறவர்கள் நெட்வொர்க் கம்பி முழுவதும் நிரம்ப வேண்டும் என்றார்கள், பாதிகூட நிரம்பவில்லை. "வெள்ளிக்கிழமை நிரம்பலைன்னா இந்தப் பிரிவையே மூடிடுவேன்" என்று முழங்கியவர் இதே கிராஸிமிர் அவர்கள்தான். அன்றைக்கு முகம் இவ்வளவு சாந்தமாக இல்லை.

ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் கணினி நினைவகத்தில் புதிதாக இடம் பிடித்து, முழுவதையும் எழுதி, அனுப்பி, இடத்தைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டிருந்தோம். ஸ்ட்ராஹில் பார்த்தார், சிரித்தார்.

"ஏம்ப்பா, போறது அதே சரக்குதானே? ஒரு தடவை எழுதி வை. அதையே திரும்பத் திரும்ப அனுப்பு!"

அந்த இடத்தை, எங்கள் பாஷையில் பஃபரை, அனுப்பிய பிறகும் கலைக்காமல் வைத்துக்கொண்டார். வேகம் எகிறியது! மரிட்சா ஆறு ஓடுவதை நிறுத்திவிட்டு எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்தது. நானே சாட்சி!

ஆனால் மறுமுனையில்? வழியில் எது தொலைந்தது என்று தெரிவதற்காகப் பாக்கெட் ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் உண்டு; பஃபரில் அதை மட்டும் அவர் மாற்றிக்கொண்டே போனார். வந்து சேர்ந்தவற்றில் ஒரே எண் பலமுறை இருந்தது; பல எண்களைக் காணவே காணோம். ஸ்ட்ராஹில் கம்பியைத் திட்டினார், கட்டடத்தைத் திட்டினார், ஐந்நூறு ஆண்டு நம்மை ஆண்ட துருக்கியரையும் விடவில்லை. எதிர்மேசைப் பொறியாளர் தெமெனுகாதான் வாயைத் திறந்தார்.

"அண்ணே, பாக்கெட்டை அனுப்பற நெட்வொர்க் கார்டு பஃபரை இன்னும் படிச்சே முடிக்கலை. அதுக்குள்ள அடுத்த எண்ணை அதே இடத்துல எழுதிடறீங்க. சாப்பிட்டுக்கிட்டிருக்கறவன் தட்டைப் பிடுங்கினா எப்படி?"

"என் பஃபர்ல தப்பா? உனக்குக் கண்ணு சரியில்லை!"

"கண்ணு நல்லாத்தான் இருக்கு. பிரிவை மூடினா உங்களுக்கு மீன் பிடிக்கவாவது தெரியும். எனக்கு அதுவும் தெரியாது."

அவ்வளவுதான்! நாற்காலியை உருட்டிக்கொண்டு தெமெனுகாவின் பக்கம் போய் உட்கார்ந்தார். ஒன்றுக்குப் பதில் பல பஃபர்களை வட்டமாக அடுக்கினார்கள். எதைப் படித்து முடித்ததாகக் கார்டு சொல்கிறதோ அதில் மட்டும் எண்ணை மாற்றுவது. மற்றதைத் தொடுவதே இல்லை. வெள்ளிக்கிழமை கம்பி நிரம்பியது, நண்பர்களே! ஓர் எண்கூடத் தவறவில்லை!

கைகுலுக்க வந்தவர்களிடம் அவர் சொன்னார்: "வேலையில பாதிதான் நான் பண்ணினது. என்னைத் திட்டினது மீதி. அது இவ."

இப்போது நான்கு மடங்கு வேகமான கம்பி வரப்போகிறது. "அவர் இல்லாம முடியுமா?" என்று நேற்று நிறுவனர் கேட்டார். "முடியும். திட்டறதுக்குத்தான் ஆளில்லை" என்றார் தெமெனுகா. நிரப்புவோம்! ஸ்ட்ராஹிலின் பிரிவை மூட விடமாட்டோம்! இது எங்கள் சத்தியம்!

அடுத்து ஒரு நிமிட மௌனம் என்று அறிவித்திருக்கிறார்கள். கம்பி நொடிப்பொழுது சும்மா கிடந்தாலே பொறுக்காத மனிதருக்கா மௌனம்? எழுந்திருங்கள். துக்க வழக்கப்படி கோப்பைகளை மோதாமல் பிடியுங்கள். எல்லோரும் ஒரே நேரத்தில் அவரைப் பற்றிப் பேசுங்கள். தெமெனுகா, நீங்க ஆரம்பிங்க. திட்டியே ஆரம்பிங்க!