மாமனார் படத்துக்கு ஒரு பிரிண்டர்

— வண்ணம்ங்கறது பொய், எர்மெக். கறுப்பு வெள்ளைதான் மனுஷனோட ஆன்மா. இந்த பிஷ்கெக் ஊர்ல நான் ஏறாத மேடை இல்ல, ஏறி இதைச் சொல்லாத மேடையும் இல்ல.

— சரிங்க சகின்பெக் அண்ணே. அந்த ஆன்மாவை எந்த பிரிண்டர் வாங்கி அடிக்கப்போறீங்கன்னு சொன்னீங்கன்னா பில் போட்டுடுவேன். ரெண்டுலயும் உங்க மாமனார் படத்தை அடிச்சு வச்சிருக்கேன்.

— பெரிய மிஷின் அடிச்சதுதான். பாரு, என்ன ஆழம். சின்னது அடிச்சதுல உயிரே இல்ல.

— தப்பா நினைக்காதீங்கண்ணே. சின்னதுல கறுப்பு மை போக, சாம்பல் மையே ரெண்டு தனியா இருக்கு. பெரிசுல கறுப்பு ஒண்ணுதான். மிச்ச சாம்பலையெல்லாம் கலர் மையைக் கலந்து ஒப்பேத்தும். அந்தச் சாயம் தட்டறது டியூப் லைட்ல தெரியாது, ஜன்னல்கிட்ட கொண்டுபோய்ப் பாருங்க.

— பாத்தாச்சு. அங்கயும் அதே ஆழம். நீ பிரிண்டர் விக்கறவன். நான் வெளிச்சத்தோட குடித்தனம் பண்றவன்.

— போன வசந்தத்துல உங்க போட்டோ கண்காட்சிக்கு வந்தேண்ணே. குதிரை, மலை, பனி எல்லாமே கொஞ்சம்… புதுமாதிரியா இருந்துச்சு.

— அன்னிக்குச் சிரிச்சவனெல்லாம் பொறாமை பிடிச்சவன்.

— புருல் அக்கா, நீங்களும் ஒரு தடவை பாத்துடுங்க. உங்க அப்பா படம்தானே.

— குடு தம்பி. அப்பா போய் ஒரு வருஷம், நாளைக்கு நினைவு விருந்து. சமைக்கக் குதிரை அடிச்சாச்சு, நாரின்லேர்ந்து பெரியப்பாவெல்லாம் கிளம்பியாச்சு. கூடாரத்து வாசல்ல, வெட்ட வெயில்ல நிக்கப்போற படம் இது. ஜன்னல் ஓரமா பாத்தாதான்… ஏங்க, இதென்ன?

— அதான் புருல், ஆழம்.

— அப்பா மூஞ்சி பாசி பிடிச்சுக் கிடக்கு. தலையில இருக்கறது வெள்ளைக் கம்பளித் தொப்பியா, முட்டைக்கோஸா?

— உனக்குக் கலை தெரியாது.

— உங்களைத் தெரியும். நம்ம கல்யாண விருந்துல அவரு உங்களை 'கேமரா பொட்டி தூக்கி'ன்னு சொன்னாரு. இருபது வருஷம் ஆச்சு. செத்துப்போன மனுஷன்கிட்டயா பழி தீப்பீங்க?

— பழியா? அவரு கண்ணோரச் சுருக்கம் ஒண்ணொண்ணையும் ரெண்டு நாளா உக்காந்து துலக்கினவன் நான்.

— அப்ப இந்தக் கோட்டு? அப்பா விருந்துக்குப் போட்டுக்கன்னு வாங்கிட்டு வந்தீங்களே. எங்க அக்கா இதைப் பாத்துட்டு, அப்பா போனதுல உன் வீட்டுக்காரருக்கு அவ்வளவு சந்தோஷமான்னு கேட்டா. சண்டை வேணாம்னுதான் போட்டுக்கிட்டேன். இப்போ படத்துலயும் ஆரம்பிச்சுட்டீங்க.

— கோட்டுல என்ன குறை கண்ட? துக்கத்துக்கு அடக்கமா இருக்கணும்னு நாலு கடை ஏறி இறங்கி வாங்கினது.

— அப்படியா? என்ன நிறம் இது?

— இதெல்லாம் ஒரு கேள்வியா, கடையில நின்னுக்கிட்டு?

— சொல்லுங்க.

— சாம்பல். ஏன் ரெண்டு பேரும் என்னை அப்படிப் பாக்கறீங்க? எர்மெக், நீயே சொல்லு. இந்தக் கோட்டு என்ன நிறம்?

— பச்சைண்ணே.