நாலாம் பாகத்துல கதவத் தட்டுறவ

ஐயோ, அந்த நாற்காலி வேணாம்க்கா, ஒரு கால் ஆடும். இதுல உக்காருங்க. துணிய அப்படி ஒதுக்கிடுங்க, எல்லாம் ஸ்கூல் யூனிஃபார்ம், அழுக்கு இல்ல. இந்தாங்க டீ. ரெண்டு பேருக்குப் போட்டு ரொம்ப நாளாச்சா, அளவே மறந்துபோச்சு, தண்ணியா இருந்தா மன்னிச்சுக்கோங்க.

இப்ப எதுக்கு அழறீங்க? கைய விடுங்கக்கா. எனக்கு எதுக்கு நன்றியெல்லாம்?

ம், அந்தத் தொடர நானும் பாத்தேன், ஆறு பாகமும். உண்மைச் சம்பவம்னு முதல்லயே எழுத்து போட்டுடுறாங்க, அதுக்கப்புறம் அவங்க இஷ்டந்தான். உங்க பொண்ணா நடிச்சவ அழகுதான், ஆனா அந்தச் சிரிப்பு வரல. நம்ம பொண்ணு சிரிச்சா வாயப் பொத்திக்குவா, முன்பல்லு கொஞ்சம் தூக்கலா இருக்கும்ல? அவ புருஷனா வர்றவன் மூஞ்சியப் பாத்தாலே கொலகாரன்னு தெரியுது. நெசத்துல அந்தப் பாவி எனக்கு ஏணி போட்டு பல்பு மாத்திக் குடுத்தவன்க்கா. நெத்தியில எழுதியா ஒட்டியிருந்துச்சு?

பக்கத்து வீட்டுக்காரி, அதான் நானு, எனக்கு ஒரு புருஷனும் பூனையும் குடுத்திருக்காங்க. நல்ல மனசு. நான் ஒண்டிக்கட்டை. இருந்த ஒரு தையல் மிஷினயும் கதையிலேர்ந்து எடுத்துட்டாங்க. அந்தச் சத்தம் வசனத்தக் கெடுக்குமாம்.

இதான் அந்தச் சுவரு. தொட்டுப் பாக்கணும்னா பாருங்க. அந்தப் பக்கம் அவ கட்டில் இருந்துச்சு. ராத்திரி பூரா ஆஸ்பத்திரில நர்ஸ் வேல, பகல்லதான் தூக்கம். நான் இங்க கடகடன்னு மிதிச்சா பாவம் எப்படித் தூங்குவா? சுவத்துல ரெண்டு தட்டு தட்டுவா, நான் நிறுத்திடுவேன். சாயங்காலம் பிஸ்கட் பாக்கெட்டோட வந்து, சாரி ஆன்ட்டின்னு நிப்பா. அவ தட்டுறது எனக்குப் பிடிக்கும்க்கா. நாள் பூரா என்னையத் தேடுற ஒரே சத்தம் அதானே.

இருங்க, கதவத் தட்டினதத்தானே கேக்குறீங்க, அதுக்குத்தான் வர்றேன். போன வருஷம் இந்தக் கதைய எழுதுறதுக்கு ஒரு பொண்ணு வந்தா, கையில நோட்டோட. நீங்க உக்காந்திருக்கிற இதே இடம். நான் பேசப் பேச எழுதிக்கிறா. என் பேச்சக் கேக்கவே ஆள் கெடையாது, இதுல எழுதிக்க வேற ஒருத்தின்னா எப்படியிருக்கும்? மூணு தடவ டீ போட்டேன். அப்புறம் சொல்ல ஒண்ணுமில்லாம போச்சு. அவ நோட்ட மூடி, பைய எடுத்துட்டா. போயிடப் போறாளேன்னு மனசு அடிச்சுக்குது. சட்டுனு வாயில வந்துடுச்சு, அன்னிக்குச் சத்தம் கேட்டு நான் போய் கதவத் தட்டினேன்னு. போலீஸ்ல ஏன் சொல்லலன்னு கேட்டா. பயந்துட்டேன்மான்னேன். பைய கீழ வெச்சா. இன்னும் ஒரு மணி நேரம் இருந்துட்டுத்தான் போனா.

அதத்தான் நாலாம் பாகத்துல வெச்சுட்டாங்க. பாத்திரம் விழுந்துச்சுன்னு சொல்லி அவ புருஷன் என்னையத் திருப்பி அனுப்புறானே, அது. அதுக்கப்புறம் தெருவுல என்னையக் கும்பிடாத குறை. மேல் வீட்டுக்காரங்க மூணு வருஷத்துல முதல் தடவயா சாப்பிட்டியான்னு கேட்டாங்க. நானும் வாய மூடிக்கிட்டேன். ஆனா நீங்க வருவீங்கன்னு நெனைக்கலக்கா. ஆறு மணி நேரம் பஸ்ல வந்து, என் புள்ளைக்காக ஒருத்தியாவது கதவத் தட்டினாளேன்னு என் கையப் பிடிச்சு அழறீங்க.

டம்ளரக் கீழ வெச்சுட்டுக் கேளுங்கக்கா.

நான் கதவுகிட்ட போகவே இல்ல. அன்னிக்குத் தட்டினது உங்க பொண்ணுதான். மத்தியானம் மூணு மணி, இந்தச் சுவத்துலதான். வழக்கமா ரெண்டு தட்டு, அன்னிக்கு விடாம தட்டுறா. மறுநாள் ஸ்கூல் திறக்குது, நாப்பது பாவாடை பாக்கி எனக்கு. ஒரு நாளு பொறுத்துக்கக் கூடாதா, அப்படி என்னடி தூக்கம் உனக்குன்னு கோவம். அன்னிக்கு ஒரு நாள்தான்க்கா மிஷின நிறுத்தாம இன்னும் வேகமா மிதிச்சேன். கொஞ்ச நேரத்துல தட்டுறது நின்னுச்சு. அப்பாடான்னு இருந்துச்சு எனக்கு.