ஒப்பிட ஒரு கை

— எது முதல்லன்னு இப்ப எனக்கே சந்தேகமா இருக்குக்கா. கெண்டைக்கால் துடிப்புதான் முதல்லன்னு நோட்டுல எழுதி வச்சிருக்கேன். ஆனா அதுக்கு முன்னாடியே ஒருநாள் கடையில கை நடுங்கின மாதிரி ஒரு ஞாபகம். அது நிஜமா நடந்ததா, பின்னாடி நானா சேர்த்துக்கிட்டதான்னு தெரியல.

— தெரியலன்னா விடு. கதவைத் திறந்து பத்து நிமிஷம் ஆச்சு. வா அக்கா, உக்காருன்னு ஒரு வார்த்தை வரல. நேரா கெண்டைக்காலுக்கு வந்துட்ட.

— உக்காரு. அந்த நாற்காலி வேண்டாம், அதுல ரிப்போர்ட் எல்லாம் இருக்கு.

— இதுல?

— அது ஸ்கேன் படம். மடங்கிடும்.

— அப்ப மனுஷங்க உக்கார இந்த வீட்டுல இடம் கிடையாது.

— கட்டில்ல உக்காருக்கா.

— திரையை ஏன்டா இழுத்து விட்டிருக்க? மத்தியானம் ரெண்டு மணி. உள்ள வந்தா கிணத்துக்குள்ள இறங்கின மாதிரி இருக்கு.

— இருட்டுல டார்ச்சைப் பக்கவாட்டுல அடிச்சாத்தான் துடிப்பு தெரியும். நிழல் அசையும். அதாவது, தோலுக்கு அடியில புழு ஊர்ற மாதிரி. இந்தா, இப்பக்கூட. பாரு.

— எங்க?

— நின்னுடுச்சு.

— அக்கா வந்தா நிக்குது பாரு. அதுக்கு இருக்கிற மரியாதைகூட உனக்கு இல்ல.

— விளையாடாதக்கா.

— விளையாடல ராசா. அரைநாள் லீவு சொல்லிட்டு, நாலு மாடி ஏறி வந்திருக்கேன். நேத்து உன் பொண்டாட்டி பேசினா.

— என்ன சொன்னா?

— இப்பத்தான் காலை விட்டுட்டு என் மூஞ்சியைப் பாக்கற.

— சொல்லுக்கா.

— ஞாயித்துக்கிழமை வரேன்னா. பாப்பாவோட, பெட்டியோட.

— நிஜமாவா?

— முழுசாக் கேளு. இனிமே டாக்டர், ஸ்கேன், டெஸ்ட்னு ஒரு வார்த்தை கிடையாது. அந்த நோட்டு வீட்டுல இருக்கக் கூடாது. திங்கட்கிழமை மூக்குக்கண்ணாடிக் கடைக்கு நீ வேலைக்குப் போயிருக்கணும். இன்னும் ஒரே ஒரு டாக்டர் வாசப்படி மிதிச்சான்னு தெரிஞ்சாலும் சரி, திரும்பிப் பாக்க மாட்டேன், அப்புறம் வக்கீல்தான் பேசுவார்னு சொல்லிட்டா. சாயங்காலத்துக்குள்ள உன் பதிலைச் சொல்றேன்னு சொல்லியிருக்கேன்.

— பதினோரு மாசம் ஆச்சுக்கா அவ போயி.

— அவளைக் குத்தம் சொல்ல முடியாது. பாப்பாவை டார்ச் பிடிக்க வச்சியே. ஏழு வயசுக் குழந்தை. உன் கால்மாட்டுல உக்காந்து ஒண்ணு, ரெண்டுன்னு துடிப்பை எண்ணிக்கிட்டிருந்தா. பள்ளிக்கூடத்துல அப்பாவைப் பத்தி எழுதச் சொன்னா, 'எங்க அப்பாவுக்குக் கால் துடிக்கும், நான் எண்ணுவேன்'னு எழுதியிருக்கா. அந்தத் தாளைப் பாத்த அன்னிக்குத்தான் உன் பொண்டாட்டி பெட்டி கட்டினா.

— எனக்கு எண்ண வேற ஆள் இல்லக்கா.

— அதுக்குக் குழந்தையா கிடைச்சா?

— அதாவது, தப்புதான். தப்பு இல்லன்னு சொல்லல. போன வாரம் முழுக்க நான் பேசினது மூணே பேர்கிட்ட. ஒருத்தர் கடைக்காரர். பை வேணுமான்னார், வேண்டாம்னேன். ரெண்டாவது ஆஸ்பத்திரியில டோக்கன் குடுக்கிற பொண்ணு. மூணாவது ராங் நம்பர். அந்த ஆள்கிட்டதான் அதிக நேரம் பேசினேன்.

— ராங் நம்பர்கிட்ட என்னடா பேச்சு?

— என்னைக் குழாய் ரிப்பேர் பண்றவர்னு நினைச்சுட்டார். எந்தக் குழாய், எத்தனை நாளா, சொட்டுச் சொட்டா வருதா, இல்ல விடாம ஒழுகுதான்னு கேட்டேன். அவரும் ஆசையாச் சொல்லிக்கிட்டே வந்தார்.

— டாக்டர் மாதிரியே கேட்டிருக்க.

— என்கிட்ட எந்த டாக்டரும் அவ்வளவு கேட்டதில்ல.

— கிறுக்கா. எனக்குப் போன் பண்ண வேண்டியதுதானே?

— நீ எடுத்ததுமே, துடிப்பைப் பத்தின்னா வச்சுடுவேன்னுதான் ஆரம்பிக்கிற.

— சரி, அது என் தப்பு. இப்பச் சொல்லு. அவகிட்ட என்ன சொல்லட்டும்?

— ஊசி குத்தி நரம்பு டெஸ்ட் எடுத்தாங்களே, மூணு தடவை. வலியே இல்லாமக் கை கால் ஓஞ்சு போற அந்த நரம்பு வியாதி எனக்கு இல்லன்னுதான் மூணும் வந்துச்சு. நம்பணும்னு ஆசையாத்தான் இருக்குக்கா. நம்பிட்டுத்தான் படுக்கறேன். காலையில எழுந்தா பழையபடி.

— அரண்டவன் கண்ணுக்கு…

— தெரியும். இருண்டதெல்லாம் பேய். அவளும் அதான் சொன்னா. ஆனா பாரு, டாக்டருங்க என்னைச் சராசரியோட ஒப்பிடறாங்க. அந்தச் சராசரி யாரு? பேர் தெரியாதவன். நான் கண்ணாடிச் சட்டத்துல திருகாணி போடறவன். ஒரு எள்ளுல பாதி இருக்கும். பதினஞ்சு வருஷமா ஒண்ணு கீழ விழுந்ததில்ல. ஒரே நாள்ல ஒன்பது விழுந்துச்சு. என் கை சராசரிக்கு இறங்கி வந்தாலே, எனக்கு அது நோய்தான்.

— அப்ப யாரோடதான் ஒப்பிடணும்?

— உன்னோட.

— என்னோடயா?

— ஒரே வயித்துல பொறந்தோம். ஒரே எலும்பு, ஒரே நரம்பு. ரெண்டு பேரும் கையை நம்பிப் பிழைக்கிறவங்க. உன்னை விட்டா எனக்கு ஒப்பிட இந்த உலகத்துல ஆள் கிடையாதுக்கா.

— ஓட்டல்ல படுக்கை விரிப்பு மடிக்கிற கையும் திருகாணி போடற கையும் ஒண்ணாடா?

— நீ ஏழு வயசு மூத்தவ. அதுக்கு நூத்துக்குப் பத்து கழிச்சுக்கறேன்.

— அட, எல்லாம் தயாரா வச்சிருக்க. சரி, ஒரு ஒப்பந்தம். நீ சொல்ற வித்தையெல்லாம் செஞ்சு காட்டறேன். என்னைவிட நீ நல்லாச் செஞ்சுட்டா, அந்த நோட்டை நானே கிழிப்பேன், நீ வாயைத் திறக்கக் கூடாது. இங்கயே, என் எதிர்லயே, அவகிட்ட வான்னு சொல்லணும். சம்மதமா?

— சம்மதம்.

— அக்கா தலையில அடிச்சுச் சொல்லுன்னா சொல்லுவியா?

— சொல்றேன்க்கா. முதல்ல நான் செய்யறேன். பெருவிரலும் ஆட்காட்டி விரலும், இப்படி, சேர்த்துப் பிரிச்சு, சேர்த்துப் பிரிச்சு. பத்து வினாடி. போன்ல நேரம் பாத்துக்கோ.

— ஓடு… ம், நிறுத்து. எத்தனை?

— வலதுல நாப்பத்தேழு. இடது கை… பாத்துக்கோ… நாப்பத்திமூணு.

— அது நல்லதா, கெட்டதா?

— தெரியாது. அதுக்குத்தான் நீ. வலது கையைக் குடு. தொடங்கு… நிறுத்து. நாப்பத்தொண்ணு. வயசுக்குக் கழிச்சா சரியா இருக்கு.

— பாஸா?

— பாஸ். இப்ப இடது.

— சிரிப்பு வருதுடா. ஏழு கழுதை வயசாகி, விரலை ஆட்டி விளையாடிட்டிருக்கோம்.

— சிரிக்காமச் செய். விரலை முழுசா விரிக்கணும்… நிறுத்து.

— எத்தனை?

— திரும்பச் செய்யலாமா?

— ஏன், எண்ண மறந்துட்டியா?

— பத்தொன்பது.

— அவ்வளவுதானா? போச்சு, நான் தோத்தேன். நீ ஜெயிச்சுட்ட. எங்க அந்த நோட்டு?

— ஏமாத்தாதக்கா. நான் ஜெயிக்கணும்னு வேணும்னே மெதுவாச் செய்யற.

— சத்தியமா இல்ல. மூச்சைப் பிடிச்சுக்கிட்டுத்தான் செஞ்சேன்.

— அப்ப இன்னொரு தடவை. எனக்காக. தொடங்கு… நிறுத்து.

— இப்ப?

— பதினாறு.

— பாத்தியா, கேக்கக் கேக்கக் குறையுது. போதும், போனை எடு.

— இரு. எழுந்து நில்லு. குதிகாலால மட்டும் நட. முன்பாதம் தரையில படக் கூடாது. அந்தச் சுவர் வரைக்கும்.

— இது என்ன, வாத்து நடையா?

— வலது சரியா இருக்கு. இடது முன்பாதத்தைத் தூக்குக்கா.

— தூக்கிட்டுத்தான் இருக்கேன்.

— இல்ல. தரையில படுது.

— அப்படியா? தூக்கியிருக்கேன்னுதான் நினைச்சேன். பிடி, பிடி, விழுந்துடுவேன்.

— பிடிச்சுட்டேன். உக்காரு. இந்த நாற்காலியிலயே உக்காரு.

— ஸ்கேன் படம் மடங்கிடும்னியே.

— மடங்கட்டும். எப்போலேருந்து இப்படி?

— எப்படி?

— இந்தக் கால்.

— காலுக்கு ஒண்ணுமில்ல. செருப்புதான் சரியில்ல. நடந்து போயிட்டே இருப்பேன், பாத்தா இடது செருப்பு நாலடி பின்னால கிடக்கும். கழண்டதே தெரியாது. இப்ப ஒரு அளவு சின்னதா வாங்கிட்டேன், பரவாயில்ல.

— எத்தனை மாசமா?

— ஆரம்பிச்சுட்டான். எழுதிக்கப் போறியா?

— எழுதல. நோட்டை மூடிட்டேன், பாரு. இடது கையைக் காட்டு.

— ரேகை பாக்கப் போறியா? எத்தனை கல்யாணம்னு சொல்லு.

— உள்ளங்கை வேண்டாம். திருப்பு. பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவுல, எனக்கு இங்க மேடா இருக்கு, தொட்டுப் பாரு. உனக்குக் குழி விழுந்திருக்கு.

— உன்னுது உக்காந்து சாப்பிடற கை. என்னுது உழைக்கிற கை. தேய்ஞ்சு போச்சு.

— வலது கையும் உழைக்கிற கைதானேக்கா. அதுல குழி இல்லையே.

— அதை வலது கைகிட்டயே கேளு.

— வேலையில ஏதாவது கஷ்டம் இருக்கா?

— ஒரு கஷ்டமும் இல்ல. ரெண்டு பேர் எதிரெதிரா நின்னு, விரிப்பை முனையில பிடிச்சு உதறி மடிக்கணும். என் இடது முனை மட்டும் அப்பப்ப நழுவிடுது. எதிர்ல நிக்கிறவ கத்தறா. அதனால சூப்பர்வைசர் என்னை எண்ணி அடுக்கற பக்கம் மாத்திட்டார். உக்காந்து செய்யற வேலை, நிம்மதி.

— வலி இருக்கா?

— துளிகூட இல்ல.

— கொஞ்சங்கூட வலிக்கலையா?

— வலி இல்லன்னா சந்தோஷப்படணும்டா. நீ ஏன் வெளுத்துப் போற? டேய். என்ன?

— அந்தக் கையில, தோள்பட்டையில, தோலுக்கு அடியில துடிக்குதா?

— துடிக்கும், துடிக்காது, யாரு கண்டா? எனக்கு டார்ச் பிடிக்க ஆளா இருக்கு?

— அக்கா, நீ ஒரு டாக்டரைப் பாக்கணும்.

— பாத்தியா.

— சும்மா சொல்லலக்கா.

— ரெண்டு வருஷமா உனக்குன்னு சொன்ன, ஒருத்தரும் நம்பல. இப்ப எனக்குன்னு சொல்றியா? நல்லா இருக்குடா. உன்னைக் கட்டிலை விட்டு எழுப்ப வந்தவளைக் கட்டில்ல போடப் பாக்கற.

— ரெண்டு வருஷமா இதைப் பத்தி மட்டும்தான் படிச்சிருக்கேன். எனக்குத் தெரியும்.

— இதைத்தான் உன் கெண்டைக்காலுக்கும் சொன்ன. எனக்குத் தெரியும்னு. இதே குரல்ல, இதே மூஞ்சியை வச்சுக்கிட்டு. ஏழு டாக்டர். ஏழு பேரும் நீ நினைச்சது தப்புன்னாங்க. சொன்னாங்களா, இல்லையா?

— சொன்னாங்க.

— அப்ப இது மட்டும் எப்படிச் சரியா இருக்கும்? வாயைத் திறந்து சொல்லு.

— தெரியலக்கா.

— தெரியலல்ல. நீ படற பாட்டைப் பாத்த பிறகு எனக்காக ஆஸ்பத்திரிப் பக்கம் தலைவச்சுக்கூடப் படுக்கறதில்லன்னு இருக்கேன். இதோட விட்டுடு. என் கையை ஏன் இன்னும் பிடிச்சுட்டிருக்க?

— சும்மா.

— உன் கை சூடா இருக்கு. நல்லாத்தான் இருக்கு. கடைசியா எப்படா ஒருத்தர் கையைப் பிடிச்ச?

— ஞாபகம் இல்ல.

— ஞாயித்துக்கிழமை பாப்பா கையைப் பிடி. வளர்ந்துட்டா. அப்பா இன்னும் காலையே பாத்துட்டிருக்காரா அத்தைன்னு கேட்டா.

— நீ என்ன சொன்ன?

— இல்ல, உன்னைப் பாக்கணும்னு உக்காந்திருக்கார்னு சொன்னேன். என்னைப் பொய் சொன்னவளா ஆக்கிடாத. நம்பர் போடறேன். நீயே பேசறியா?

— போனை வச்சுடுக்கா.

— ஏன்?

— வரவேண்டாம்னு சொல்லிடு.

— என்னது?

— இன்னும் ஒரே ஒரு டாக்டரைப் பாக்கணும். நாளைக்குக் காலையில.

— யாருக்கு?

— எனக்குத்தான்.

— நாப்பத்தேழு தட்டினியேடா. நீ ஜெயிச்சுட்ட. சம்மதம்னு சொன்ன.

— ஜெயிச்சேன். ஆனாலும் பயம் போகல. நீங்கல்லாம் சொல்ற மாதிரி மனசுதான் போல.

— அவகிட்ட மறைச்சுப் பேசறது என்னால ஆகாது, தெரியும்ல? சொன்னா அவ வரமாட்டா. பாப்பாவையும் கண்ணுல காட்டமாட்டா. இது புரியுதா உனக்கு?

— புரியுது.

— புரிஞ்சுமா?

— ம்.

— எங்கயாவது போய் முட்டிக்கலாம் போல இருக்கு. உன்னைத் திருத்தவே முடியாதாடா?

— முடியாது போலக்கா. கோபப்படு, திட்டு. ஆனா நாளைக்கு ஒருநாள் மட்டும் கூட வா. இதுக்கப்புறம் உன்னை எதுக்கும் கூப்பிட மாட்டேன். தனியாப் போக முடியல.

— நான் வந்து என்னத்தைக் கிழிக்கப் போறேன்? மூலையில உக்காந்து உன் புராணத்தைக் கேக்கணும், அவ்வளவுதானே?

— அவ்வளவுதான். உள்ள கூப்பிட்டதும் டாக்டர் உக்காந்திருக்கிற இடம் வரைக்கும் நீ முன்னால நடந்து போ. எனக்குப் பயமா இருக்கு, நான் உன் பின்னாலயே வரேன்.