கல்யாணத்துக்கு ஆகாத மரம்

...நீங்க முணுமுணுக்கிறது மேடை வரைக்கும் கேக்குது. வீட்டுக்கும் கடைக்கும் நடுவுல பத்தடி விட்டு, அதுல செடி வைக்கணும்னு சொன்னதுக்கு, "வச்சிட்டாப் போச்சு, இதுக்கு ஒரு கூட்டமா"ன்னு பின்வரிசையில ஒரு பேச்சு. வச்சிட்டாப் போச்சா? சரி... ஒரு குட்டிக் கதை இருக்கு. அதைக் கேட்டுட்டு அப்புறமா முணுமுணுங்க. சாப்பாட்டுக்கு முன்னாடி முடிச்சிருவேன், பயப்படாதீங்க.

நம்ம பக்கத்துல ஒரு ஊர். பேர் வேண்டாம். அங்க பால்வண்ணன்னு ஒரு அண்ணாச்சி, கல்யாண மண்டபம் கட்டினாரு. மண்டபத்துக்குப் பின்னாடி சமையல்கூடம். அதுக்கும் பின்னாடி வீடுகள். அனுமதி குடுக்கும்போதே சொல்லிட்டாங்க... சமையல்கூடத்துக்கும் வீடுகளுக்கும் நடுவுல பத்தடி அகலத்துக்கு அடர்த்தியா பச்சை இருக்கணும், புகையும் சத்தமும் அந்தப் பக்கம் போகக்கூடாதுன்னு.

அண்ணாச்சி யாரு? வியாபாரி. சும்மா ஒரு செடி வைப்பாரா? வாழையை வச்சாரு. அந்தப் பத்தடி பூரா வாழை! அதிகாரி வந்தாரு, பாத்தாரு, தோப்பு மாதிரி இருக்கேன்னு சந்தோஷமா கையெழுத்துப் போட்டுட்டுப் போயிட்டாரு. தப்பு சொல்ல முடியுமா? பச்சை கேட்டாங்க, பச்சை இருக்கு.

இப்போ முகூர்த்த நாள் வருது. மண்டப வாசல்ல என்ன கட்டணும்? குலை தள்ளின வாழை. பந்தியில என்ன போடணும்? வாழை இலை. வெட்டு! விடியறதுக்குள்ள அந்தப் பத்தடி மொட்டை. அதே நாள்லதான் பத்து அடுப்பு எரியுது... அதே நாள்லதான் ஜெனரேட்டர் ஓடுது... அதே நாள்லதான் மைக்குல "மாப்பிள்ளை வீட்டார் மேடைக்கு வரவும்"னு கத்துறாங்க. மறைப்பு எந்த நாளுக்கு வேணுமோ, அந்த நாள்ல மறைப்பு இல்ல. வேண்டாத நாளெல்லாம் ஜம்முன்னு நிக்குது. நல்லா இருக்கில்ல கூத்து?

அந்த முதல் வீட்டுல ஸ்டெல்லான்னு ஒரு நர்ஸ். பெரிய ஆஸ்பத்திரியில அவசர சிகிச்சைப் பிரிவுல ராத்திரி வேலை. காலையில வந்து படுத்தாத்தான் அவங்களுக்குத் தூக்கம். அந்த நேரம் பாத்துத்தான் இங்க கெட்டிமேளம். அனுமதி குடுத்த ஆபீஸ்லயே போய் அவங்க மனு குடுத்தாங்க. அதிகாரி எப்போ வந்தாரு தெரியுமா? ஆடி மாசம். ஆடியில எவன்யா கல்யாணம் வைப்பான்? பக்கக்கன்னெல்லாம் கிளம்பி வாழை தளதளன்னு நிக்குது. "நல்லாத்தானம்மா இருக்கு"ன்னு சொல்லிட்டு அவரு போயிட்டாரு.

ஆவணி பிறந்துச்சு, திரும்பவும் வெட்டு. ஒருநாள் அந்தம்மா வேலை முடிஞ்சு நேரா மண்டபத்துக்கே வந்துட்டாங்க. கண்ணு ரெண்டும் செவந்து கிடக்கு. அண்ணாச்சி தன் பாட்டைப் பாடினாரு, சட்டப்படி நட்டிருக்கேன், என் நிலம், என் வாழைன்னு. அந்தம்மா சண்டை போடல. மெதுவாச் சொன்னாங்க.

"அண்ணாச்சி, நேத்து ராத்திரி ஒருத்தருக்குப் போட வேண்டிய ஊசியை இன்னொருத்தருக்குக் கொண்டு போயிட்டேன். போடுறதுக்கு முன்னாடி கூட இருந்தவ பாத்துட்டா. அடுத்த தடவை யாரு பாப்பா? அடுத்த முகூர்த்தத்தன்னைக்கு எங்க வீட்டுக்கு வாங்க. எங்க வீட்டுக்காரர் இருப்பாக. நான் தூங்குற ரூம்ல அரைமணி நேரம் உக்காருங்க, போதும்."

அண்ணாச்சி ரோஷக்காரர். வர்றேன்னுட்டாரு, வந்தும் விட்டாரு. வீட்டுக்காரர் கூட்டிட்டுப் போய் ஜன்னலோரமா ஒரு நாற்காலி போட்டாரு. காபி வேணுமான்னு அவரு கேக்குறது இவருக்குக் கேக்கல. இவரு சொன்ன பதில் அவருக்குக் கேக்கல. புகை உள்ள வருது, கண்ணு எரியுது. திரும்பி ஜன்னல்ல பாக்குறாரு... வாழை இருந்த இடம் வெட்டவெளி. நேர் எதிர்ல, கரண்டியும் கையுமா அவரோட சொந்தத் தவசிப்பிள்ளை, சாம்பார் கிண்டிக்கிட்டே இந்த ரூமுக்குள்ள பாத்துட்டு நிக்கான்.

"அண்ணாச்சி... அங்க என்ன செய்யுதீக?"

காய் நறுக்குற பொம்பளைங்க, இலை போடுற ஆளுங்க எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க. அண்ணாச்சிக்கு உடம்பெல்லாம் கூசிப்போச்சு. எந்திரிச்சு அவர் கையாலயே ஜன்னலைச் சாத்தினாரு. சாத்திட்டு அங்கயே நின்னுட்டாரு. இத்தனை நாளா இந்தக் கண்ணெல்லாம் யாரைப் பாத்துச்சு? தூங்குற ஒரு பொம்பளையை. அவருக்கு அது அப்பத்தான் உறைச்சுது.

நேரா நர்சரிக்குப் போனாரு. மாங்கன்னு எடுத்துக் காட்டினாங்க. வேண்டாம், தோரணத்துக்கு வெட்டிருவேன்னாரு. தென்னையா? குருத்தோலைக்குக் கை போயிரும். கமுகா? குலையை வாசல்ல தொங்க விட்டிருவேன். மூங்கிலா? பந்தக்காலுக்கு ஆயிரும். தன்னைப் பத்தி மனுஷன் எவ்வளவு தெளிவா இருக்காரு பாருங்க! கடைசியில, "கல்யாணத்துக்கு ஆகாத மரமா ஒண்ணு குடு"ன்னாரு. புங்கையும் நொச்சியும் வாங்கிட்டு வந்து நட்டாரு. அதெல்லாம் வளர்ற வரைக்கும் அடுப்பும் ஜெனரேட்டரும் ரோட்டுப் பக்கம் போயிருச்சு.

இப்போ உங்களைக் கேக்குறேன். பட்டறைக்காரங்க, மில்லுக்காரங்க, ஓட்டல்காரங்க எல்லாரும் இருக்கீங்க. உங்க பின்பக்கத்துல நீங்க வைக்கப்போறது எது? கூட்டம் வந்தா வண்டி நிறுத்தத் தூக்கிப் போடுற பூந்தொட்டியா? சரக்கு வந்தா வெட்டிட்டு அடுக்கி வைக்கிற வேலியா? அப்படின்னா அது உங்க வசதிக்கு நீங்க வச்சுக்கிட்டது. அதைக் காட்டி அடுத்த வீட்டுக்கு இடம் விட்டேன்னு சொல்லாதீங்க, எனக்குக் கோவம் வரும். உங்களுக்கு வேலை அதிகமா இருக்கிற நாள்லதான் அவங்களுக்கு மறைப்பு வேணும். அன்னைக்கு நிக்கணும் அது.

பத்தடி போச்சே, பத்தடி போச்சேன்னு புலம்புறீங்க. அந்தப் பத்தடிக்கு அந்தாண்ட, ராத்திரி பூரா நம்ம வீட்டு நோயாளி பக்கத்துல முழிச்சிருந்துட்டு வந்து ஒருத்தி படுத்திருக்கா. அவளாத் தூங்கி எந்திரிக்கிற வரைக்கும் நிக்கிற மரமாப் பாத்து வைங்க.