மூடியில் எழுதிய பெயர்

திருக்கழுக்குன்றம் தாண்டியதும், முன் சீட்டுப் பெண்ணுக்கு லேபிலிருந்து போன் வந்தது. பேசி முடித்ததும் பக்கத்தில் இருந்த அக்காவிடம் கத்தினாள்: "வெட்டிடுச்சிக்கா! ஒண்ணும் சாவல!"

பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பினோம்.

"இன்னாடி வெட்டுச்சி?"

"நான் வளக்கற பாக்டீரியாக்கா. அத வளக்கற தட்டுல எழுதாம மூடியில பேர் எழுதினேன். மூடி மாறிப் பூடுச்சி. வேற டிஎன்ஏவ உள்ள போட்டுட்டேன். ரெண்டு வருச வேலைக்கா."

"தூக்கிப் போட சொல்லிருப்பாங்களே?"

"சொன்னாங்க. மனசு வரல. இன்னொரு பாக்டீரியா வழியா கத்திரிக்கோல் மாதிரி ஒண்ண அனுப்பினேன். தப்பா போட்டத மட்டும் தேடி வெட்டிடுச்சி. பாக்டீரியா உசுரோட கீது."

அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாடா. பசங்க டிபன் பாக்ஸுல நானும் மூடியிலதான்டி எழுதறேன். உன் பேனாவ குடு, டப்பாவுலயே எழுதிடறேன்."